கூரை மடக்கும் வண்டி

சாயங்காலம் ஐந்து மணி. ரோட்டில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் வெறும் வயல். நடுவே ஒரு நீளமான வெளிர்நீலக் கார், கூரையை மடக்கிவிட்டு, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். நம் நண்பன் ஒருவனின் அக்கா வீட்டுக்காரர். வண்டி அமெரிக்காவில் செய்தது, அறுபது வயசு தாண்டியது. ஆனால் ஒரு கீறல் கிடையாது. ஊரார் பல்லைவிட அதன் பம்பரைத்தான் அவர் அதிகம் துலக்கியிருப்பார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படித் தாங்க மாட்டார்கள். அதைத்தான் விற்றுவிட்டு, வாங்கியவர் வீட்டில் விடப் போகிறார். முப்பது கிலோமீட்டர்.

ஏன் விற்றார்? நாலு மாசம் முன்பு, நல்ல மழை. மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க... ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அவர் வானத்தைப் பார்த்தார். கூரைத் துணி அப்போதுதான் புதுசாகத் தைத்துப் போட்டது.

"இந்த மழையில வேணாம். டாக்ஸி சொல்லியிருக்கேன், இதோ வந்துடும்."

டாக்ஸி வர நாற்பது நிமிஷம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் அந்த வண்டியைத் துலக்கவே இல்லை.

பாதி வழியில்... க்ரீச். பக்கத்துத் தோல் சீட்டில் யாராவது உட்கார்ந்தால் வரும் சத்தம். பிறகு ஈரப் புடவை வாடை. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அவர் திரும்பவே இல்லை... கழுத்து கல்லாகிவிட்டது. ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

வாங்கியவர் மரக்கடைக்காரர். மனைவியோடு வாசலுக்கே வந்து நின்றார். டாக்டர் இறங்கிய வேகத்தில் சாவியை அவர் கையில் திணித்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஓட்டமும் நடையுமாகப் போனார். பின்னால் அந்த அம்மாளின் குரல். "சார்... சார்..." நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டார். ஏழரைக்குப் போன் அடித்தது. அந்த அம்மாள்தான்.

"என்ன சார் நீங்க, உங்க வீட்டம்மாவ வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க? உள்ள வாங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டேன், இறங்கவே இல்ல. இப்ப திடீர்னு இறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. கால்ல செருப்புகூட இல்ல. எங்கம்மா போறீங்கன்னா... 'வீட்டுக்கு'ங்கிறாங்க."

மறுநாள் காலையில் நண்பன் போன் செய்து செய்து பார்த்தான். எடுக்கவில்லை. பதறிப்போய் நேரிலேயே போனான். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. படுக்கையறைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அதன் முன்னால், தரையில் அத்தான். மடியில் நனைந்த துண்டு. இவனைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்... சத்தம் போடாதேடா. அவ்வளவு தூரம் நடந்திருக்கா. இப்பதான் கண்ணசந்தா."

பக்கத்தில் ஒரு பேசின். அதிலிருந்த வெந்நீரில் இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. அடியில் ரோட்டு மண், பொடிக் கற்கள்... மேலே நூல் நூலாக ரத்தம்.