விண்கடல் மாலுமிகளைப் படைத்த நேசையன் சார் அவர்களுக்கு

பூகோளம் புகட்டிய புலவரே! வரைபடத்தோடு வானத்தையும் வசப்படுத்திய வல்லவரே! முப்பத்தோராண்டு முகஞ்சுளியாத முதுபெரும் ஆசானே!

இதுவரை எழுதிவிட்டு, அழகியநாயகி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஐயோ, அதே கப்பல்! அதே சுக்கான் அறை! தங்கள் நாவலின் பதினோராம் அத்தியாயம், ஒரு வரி நீங்கலாக, சொல் பிசகாமல் அப்படியே இருக்கிறது. அவள் தன் கதை என்று பெயர் போட்டுப் பரிசும் வாங்கிய அத்தியாயம் அது. நாளை நாலு மணிக்குத் தங்கள் பிரிவுபசார விழா. மேடையில் இம்மடலை வாசிக்க வேண்டியவளும் அவளே.

பெருந்தகையீர்! தங்கள் ஐந்தாம் பாரத்து வகுப்பு மாணவியான அவளிடம் தமிழாசிரியர் இஸ்ரவேல் சார் இன்று காலை இந்தப் பொறுப்பைத் தந்தார். கூடவே ஒரு பழைய புத்தகத்தையும், சென்னைப் பதிப்பகம் ஒன்றிலிருந்து பள்ளிக்கு வந்த கடிதத்தையும் தந்தார்.

“கேட்டியா பிள்ளே, நம்ம நேசையன் சாரு ஒரு நாவல் எழுதியிருக்காரு. கொல்லம் வருசம் ஆயிரத்து நூத்தாறுல! வேற பேருல எழுதினதுனால இங்க ஒருத்தருக்கும் தெரியல்ல. அதையும் சேத்து நல்ல எடுப்பா எழுதிக் கொண்டா. கதைக்குப் பரிசு வாங்கினவ நீதானே!”

அப்போது அவள் பெருமையோடு தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்த பிறகுதான் பதினோராம் அத்தியாயத்தைக் கண்டாள்.

கற்பனைக் கடலின் கலங்கரை விளக்கமே! ‘விண்கடல் மாலுமிகள்’ வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதை மீண்டும் அச்சிட அனுமதி கேட்கிறது சென்னைக் கடிதம். தங்கள் நாவலுக்கு முன் நம் கதைகளில் வானத்துக்குப் போனவர்கள் தேவர்களைக் கண்டு வரம் வாங்கித் திரும்பினார்களாம். தங்கள் கப்பலில் ஏறியவர்களோ சம்பளத்துக்கு வேலை செய்யும் சாதாரண மனிதர்கள். சமையற்காரர் உண்டு, எந்திரக்காரர் உண்டு, பல்வலியால் பாதி அத்தியாயம் முனகுகிறவர்கூட உண்டு. ஒரு சூரியனை விட்டு மறு சூரியனுக்கு அவர்கள் போகையில், நடுவே இருக்கும் தொலைவுதான் எதிரி. இன்று வார இதழ்களில் வரும் வானத் தொடர்கதை ஒவ்வொன்றிலும் ஒரு சுக்கான் அறை இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. கடைசி நிமிடத்தில் கப்பல் தப்புகிறது. இவற்றையெல்லாம் முதலில் எழுதியவர் யார் என்பது அவற்றை எழுதுகிறவர்களுக்கே தெரியாது என்கிறது கடிதம்.

எழுதுகிறவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். அழகியநாயகிக்குத் தெரிந்திருந்தது, தான் பார்த்துத்தான் எழுதுகிறோம் என்று.

நம் பள்ளியின் ‘முக்கடல்’ கையெழுத்துப் பத்திரிகைக்கு மாதம் ஒரே ஒரு பிரதிதான். அது வீடு வீடாகப் போகும். படித்தவர்கள் கடைசி வெற்றுப் பக்கங்களில் கருத்து எழுதி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். சென்ற ஆண்டு அதற்குக் கதை தருவதாக வாய் விட்டுவிட்டு, ஒரு வரியும் வராமல் அவள் திண்டாடினாள். பள்ளி அலமாரியின் அடித்தட்டில் செல்லரித்த புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டை இல்லை, முதல் முப்பது பக்கம் இல்லை. எழுதியவர் எந்தக் காலத்திலோ இறந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நான்கு நாள் உட்கார்ந்து அதன் பதினோராம் அத்தியாயத்தை நகலெடுத்தாள்.

பத்திரிகையைப் படித்துவிட்டு, பக்கத்து இருக்கைச் செல்லத்தாய் வாயைப் பிளந்தாள். “ஏட்டி, இவ்வளவும் ஒனக்கத் தலைக்குள்ளயா இருந்து? பின்ன கணக்குக்கு மட்டும் ஏம்ட்டி அது தொறக்க மாட்டேங்கு?”

“போட்டி, கண்ணு வைக்காத,” என்றாள் இவள்.

அடுத்த இதழில் கப்பல் கதைகளே ஐந்து வந்தன. குளச்சல் ததேயுஸின் கப்பல்தலைவன் நட்சத்திரங்களுக்கு நடுவே வலை வீசினான்.

“ஏலே, ஆகாசத்துல எவனாவது வலை வீசுவானால?” என்று வகுப்பே சிரித்தது.

“மீனு கெடக்க எடத்துல வீசுவோம். ஒனக்கு என்னல நட்டம்?” என்றான் ததேயுஸ்.

அந்த ஐவரும் அழகியநாயகியைப் பார்த்து எழுதினார்கள். அதையும் வெளியே சொன்னார்கள். அவள் மட்டுமே சொல்லவில்லை.

நடுநிலை வழுவாத நல்லவரே! ஆண்டின் சிறந்த கதையைத் தேர்ந்தவர் தாங்கள். பரிசுப் பேனாவை நீட்டியபோது தாங்கள் ஒன்று கேட்டீர்கள்.

“முழுக்க நீ எழுதினதாக்குமா?”

“ஆமா சார்.”

“நல்லது மக்கா. இன்னும் எழுது.”

அவ்வளவுதான். தன் பிள்ளையின் கையைப் பிடித்து இன்னொருத்தி, “இது என் பிள்ளை” என்று சொல்ல, பெற்றவர் கேட்டுக்கொண்டு நின்ற நிற்பு அல்லவா தாங்கள் அன்று நின்றது!

இன்னொன்றும் உண்டு. மூலக்கதையில், காயம்பட்ட சுக்கான்காரனை ஓர் இருண்ட கோளில் விட்டுவிட்டுக் கப்பல் புறப்படும். நகலெடுக்கையில் அந்த இடத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு அவனையும் மாலுமிகள் ஏற்றிவந்ததாக மாற்றி எழுதினாள். முழுக்கதையிலும் அவளுடையது அந்த ஒரு வரிதான். அதன் கீழே தாங்கள் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருந்தீர்கள். கருத்துப் பக்கத்தில், “சுக்கான்காரனை விட்டுவிட்டு வராதது நன்று. எனக்கு இது தோன்றவில்லை,” என்று எழுதியிருந்தீர்கள். பெரியவர்களின் பணிவுப் பேச்சு என்று அன்று அவள் நினைத்தாள். இன்று நாவலையும் அந்தக் கருத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், மூலத்தை எழுதியவரே சொன்ன வார்த்தை அது என்று விளங்கியது.

இதை நாளை வாசித்தால் பேனா போகும், போகட்டும். “பொம்பளப் பிள்ளைக்குப் படிச்சது போரும்” என்று சொல்லிக்கொண்டிருக்கும் அப்பா கணபதியப்பனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். வாசிக்காமல் வெறும் புகழை வாசித்தால், அவளுடைய பொய் கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். புத்தகம் மறுபடி அச்சானால் எப்படியும் வெளிப்படும் என்ற பயமும் அவளுக்கு உண்டு. அதை மறைத்தால் இம்மடலும் பொய்யாகும்.

வழக்கப்படி இதன் கீழே இருபத்து மூன்று ஆசிரியர்கள் கையொப்பமிட வேண்டும். அவள் திருட்டின் கீழ் அவர்கள் பெயர் எதற்கு? ஆகவே அவள் மட்டுமே ஒப்பமிடுகிறாள். தங்கள் கண்ணொளி குன்றாமல், கால் தளராமல், தங்கள் பெயர் பொறித்த அட்டையோடு தங்கள் நூல் வருவதைத் தாங்களே கையிலேந்தி, நூறாண்டு நலமாய் வாழ்க!

இங்ஙனம்,
தலைகுனிந்து,
அழகியநாயகி

எல்லாம் தெரிந்துகொண்டே அந்தப் பேனாவை அவள் கையில் ஏன் கொடுத்தீர்கள், சார்?