அணைத்த பிறகும் மினுக்கும் விளக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் சகோதரிகளே, பராமரிப்புப் பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் என் தங்கச்சியே! அனைவருக்கும் வணக்கம். கும்பிடும் இந்தக் கை இன்று கூசுகிறது. ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நம் மருத்துவமனையின் மின்பணியாளர், என் கீழ் வேலை பார்த்தவர், இந்தத் தங்கச்சியின் கணவர், போய்விட்டார். இருபத்தோரு ஆண்டு உழைத்தவரின் இதயம் போன வியாழக்கிழமை நின்றுவிட்டது. பழைய ட்யூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குகளை மாட்டினோமே, அந்த முந்நூற்றுச் சொச்சம் விளக்குகளில் பாதிக்குமேல் அவர் கைபட்டவை. ஒரு விளக்கு கண் சிமிட்டினால் நாம் என்ன செய்வோம்? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுவோம். அவர் செய்வாரா? ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார், உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்ப்பார். "லைட்டு பாவம் சார், அதுக்கு வர்ற கரண்ட்டுதான் சரியில்ல" என்பார். எத்தனை விளக்குகள் குப்பைக்குப் போகாமல் பிழைத்தன!

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் அவரை 'மின்மினி' என்று பாசமாகச் சொன்னீர்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான். பாசத்தில் வைக்கவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், நான்காம் வார்டில் புது விளக்குகள் மாட்டிய மறுநாள் என்னிடம் வந்தார். சுவிட்சை அணைத்த பிறகும் விளக்குகள் மங்கலாக மினுக்குகின்றன, நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்றார். எல்.இ.டி. என்றால் அப்படித்தான் இருக்கும் போய்யா என்று விரட்டிவிட்டேன். அடுத்த நாள் அங்கே ஒரு விளக்கு பழுதானது. வார்டு மின்சாரத்தை முழுவதும் நிறுத்தாதே, சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறு என்று சொன்னவனும் நானே. அவர் அணைத்தார். ஏறினார். ஒயரைத் தொட்டதும் தூக்கியடித்தது. ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது.

அவரைக் கட்டுப்போட அனுப்பிவிட்டு சுவிட்ச் பலகையைத் திறந்தேன். மின்சாரம் வரும் லைன் ஒயர் சுவிட்சுக்குள் வர வேண்டும். அதற்குப் பதிலாகத் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் வந்திருந்தது. அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்தாலும் விளக்கில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ட்யூப் லைட் அதைக் காட்டிக்கொடுக்காது. எல்.இ.டி.க்கு ஒரு துளி மின்சாரம் போதும், மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து வருடத்துக்கு முன் அந்த வயரிங் செய்த கை எது? இதோ, இந்தக் கை!

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒயரைச் சத்தமில்லாமல் மாற்றி மாட்டினேன். பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுதினேன்: 'சுவிட்சை அணைக்காமல் ஏறியது பணியாளரின் கவனக்குறைவு.' அந்த ஒரு வரியால் அவருக்கு வர வேண்டிய மேற்பார்வையாளர் பதவி கடைசிவரை வரவில்லை.

கட்டுப்போட்ட கையோடு வார்டுக்குத் திரும்பி வந்தவர் விளக்கை அணைத்தார், அண்ணாந்து பார்த்தார். பிறகு என் அறைக்கு வந்தார்.

"நேத்து வரைக்கும் மினுக்குச்சு, இன்னிக்கு மினுக்கல. நீங்கதானே சார் மாத்தினீங்க?"

போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த விளக்கை அணைத்தாலும் பத்து எண்ணும்வரை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். 'மின்மினி பிடிக்கிறார் பாருங்கடா' என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அவர் நான் செய்த தப்பைத் தேடிக்கொண்டிருந்தார், ஐயா! ஒவ்வொரு வார்டாகத் தேடிச் சரிசெய்தார். மிஞ்சியது இந்த அரங்கம் ஒன்றுதான். இதன் மின்சாரத்தை மட்டும் என் கையெழுத்து இல்லாமல் நிறுத்த முடியாது. இரண்டு முறை தாளை நீட்டினார். போட்டால் குட்டு வெளிப்படுமே! நான் போடவில்லை.

தங்கச்சி, அவர் விழுந்த வாரம் நீ என்னைத் தனியாகக் கேட்டாய். "சொல்லுங்கண்ணே, நெசமாவே சுவிட்ச்ச அணைக்காமதான் ஏறினாரா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூட அவரை ஏணியில் ஏற விடவில்லை என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். நானும் கூடவே சிரித்தேனே, என்னை என்னவென்று சொல்வது?

தலைமை மருத்துவர் அவர்களே, அந்த அறிக்கை பொய் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் இந்த உறையில் இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக் காலை இந்த அரங்கின் பலகையை நானே திறக்கிறேன். அவர் தொடங்கிய வேலையை முடித்துவிட்டு, என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன்.

இப்போது மௌன அஞ்சலி. தோழர்களே, திரைகளை இழுத்து மூடுங்கள். எல்லா சுவிட்சுகளையும் அணையுங்கள். மைக் வேறு இணைப்பு, நான் பேசுவது கேட்கும். அவரைப் போலவே அண்ணாந்து பாருங்கள், பத்து எண்ணுங்கள்.

தெரிகிறதா? பின்வரிசைக்கு மேலே மினுக்குகின்றனவே, அவை எல்லாம் என்னுடையவை.

தங்கச்சி, அவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினார்.