முற்றத்துக்குப் பச்சை பெயிண்ட்

– பெயிண்ட் இன்னும் காயல, மாப்பிள்ளை. செருப்பைக் கழட்டிட்டு ஓரமா நடந்து வாங்க.

– போன வாரம் வரைக்கும் இது சிமெண்ட் தரை அத்தை. இன்னைக்குக் கிளி மாதிரி நிக்குது. யார் சொன்ன யோசனை இது?

– என் சொந்த யோசனைதான். தண்ணி இறங்காத தரைக்கு மழைநீர்க் கட்டணம், புல்லுத் தரைக்கு இல்லன்னு உங்க நகராட்சி நோட்டீஸே சொல்லுது. மேலேருந்து போட்டோ எடுத்துத்தானே அளக்கறீங்க. பச்சையா தெரிஞ்சா புல்லு, கேட்டுக்கங்க.

– போட்டோவுக்கு அப்புறம் இன்ஸ்பெக்டர்னு ஒருத்தன் நேர்ல வருவான். சட்டப்படி பார்த்தா...

– வரட்டுமே. வர்றது என் பொண்ணு புருஷன்தானே.

– அதுதான் சிக்கலே. வேற ஆளை அனுப்புங்கன்னு கெஞ்சினேன். மாமியாருக்கு நீயே கட்டணம் போட்டாத்தான் மத்தவங்க வாயைத் திறக்காம கட்டுவாங்கன்னு மேலதிகாரி சொல்லிட்டார்.

– நீங்க விலக்குன்னு எழுதுங்க. இது கார் ஓட்டக் கத்துக்குடுக்கற பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு விலக்கு உண்டு.

– சின்னப் பிள்ளைங்க படிக்கற பள்ளிக்கூடத்துக்கு. உங்ககிட்ட படிக்கறவங்கள்ல பாதிப் பேர் பென்ஷன் வாங்கறவங்க.

– படிப்புக்கு வயசு ஏது.

– சரி, ஒரு வாளி தண்ணி குடுங்க.

– எதுக்கு, கால் கழுவவா?

– சோதனைக்கு. தரையில ஊத்துவேன். உறிஞ்சினா விலக்கு, ஓடினா கட்டணம். சட்டப்படி அவ்வளவுதான்.

– இந்தாங்க. மெதுவா ஊத்துங்க. ஒரேயடியா கொட்டினா எந்தத் தரைதான் குடிக்கும்.

– மெதுவாத்தான் ஊத்தறேன். பாருங்க, எட்டுப் போடற கோட்டைத் தாண்டிருச்சு. கேட்டையும் தாண்டிருச்சு. தெருவுல இறங்கிருச்சு. கூடவே உங்க புல்லும் போகுது.

– குழாய்லேருந்து வந்த வேகம் இன்னும் அடங்கல போல.

– சிரிக்க வைக்காதீங்க அத்தை, நான் டியூட்டியில இருக்கேன். ஒண்ணு சொல்றேன். பாதித் தரையை உடைச்சு ஜல்லி போட்டுடுங்க. கட்டணம் பாதியாயிடும்.

– பாதியெல்லாம் ஆகாது. எனக்கு முழுசா வேணும்.

– உங்களுக்குக் குடுத்தா பக்கத்து மரக்கடைக்காரர் கேட்பார். எதிர்ல குடோன்காரர் கேட்பார். எல்லாரும் விலக்கு வாங்கிட்டா கீழத்தெரு வடிகாலுக்குக் காசு ஏது? இந்தத் தெருக் கட்டணம் சேர்ந்தாத்தான் அதைக் கட்டுவாங்க.

– சேரலைன்னா?

– கட்ட மாட்டாங்க. கீழத்தெருவுல முதல் வீடு யாரோடது? என்னோடது. இந்த முற்றத்துத் தண்ணி எங்க போய் நிக்கும்னு நினைக்கறீங்க? என் சமையல்கட்டுல.

– தெரியும்.

– போன மழைக்கு முழங்கால் அளவு. உங்க பொண்ணு ஸ்டவ்வைத் தூக்கி பீரோ மேல வச்சா. நான் பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டேன். எல்லாருமா இங்க வந்து நாலு நாள் கிடந்தோம்.

– அஞ்சு நாள். பாப்பா என்கூடத்தான் படுத்தா. தூக்கத்துல உதைக்கறா, கேட்டுக்கங்க.

– அத்தை, எனக்கு மழைன்னாலே இப்ப பயமா இருக்கு. வானம் கறுத்தா ஆபீஸ்ல கை ஓடல. இந்த வடிகால் ஒண்ணுதான் நம்பிக்கை. பணம் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. உங்க கட்டணத்தை நானே கட்டறேன்.

– பணத்துக்கு என்ன குறைச்சல். பெயிண்டுக்கே ரெண்டு வருஷக் கட்டணம் போயிருக்கு.

– அப்போ எதுக்கு இந்தப் பிடிவாதம்? எனக்கு நிஜமாவே புரியல.

– உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அவளைக் கட்டிக்குடுத்து ஏழு வருஷம் ஆச்சு. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. வந்தான்னா வண்டியை விட்டு இறங்காம, கேட்டுல நின்னே பேசிட்டுப் போயிடறா. உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தாத்தான், மாப்பிள்ளை, என் பொண்ணு என் வீட்டுல தங்கறா.