வார்டைப் படுக்கை வாரியாகப் பிரித்த ‘இடி சிஸ்டருக்கு’

அறுவைச் சிகிச்சைப் பிரிவின் அரணே! அஞ்சாத நெஞ்சும் அடங்காத குரலும் வாய்த்த தலைமைச் செவிலியர் அம்மையே! பயிற்சி மருத்துவர்கள் முதுகுக்குப் பின்னால் சூட்டிய ‘இடி சிஸ்டர்’ பட்டத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்த பெருமாட்டியே! வணக்கம்.

பணி ஓய்வு பெறும் உங்களைப் புகழ்ந்து வழியனுப்பத்தான் இந்த மேடை. எங்களுக்கோ வயிறு எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு வாழ்த்த வாய் வரவில்லை.

ஊசிக்கு ஒருத்தி, மாத்திரைக்கு ஒருத்தி, கட்டு மாற்ற ஒருத்தி என்று நிர்வாகம் வேலையைக் கூறுபோட்டிருந்த காலம் அது. வயிற்றில் அறுவை முடிந்து படுத்திருந்த பேருந்து ஓட்டுநரின் மனைவி, வந்தவர்களிடமெல்லாம் “அவர் பேச்சு ஒரு மாதிரி குழறுதும்மா” என்றார். “அது என் வேலை இல்லம்மா, அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லுங்க” என்பதே பதில். அவரவர் வேலை அப்பழுக்கின்றி முடிந்தது. உள்ளுக்குள் இரத்தம் கசிந்து ஓட்டுநர் இறந்துபோனார்.

கடைசியாகப் போன செவிலியின் தலையில் பழியைப் போடப் பார்த்தார் கண்காணிப்பாளர். “பிள்ளைங்க மேல ஏன் பாயறீங்க? மனுஷனைத் துண்டு துண்டாப் பிரிச்சுக் குடுத்தது நீங்கதானே!” என்று அவர் மேசை முன்னால் நின்று சீறினீர்கள். அன்றே வார்டை மாற்றினீர்கள். இந்தப் படுக்கைகள் இவளுக்கு என்றால் ஊசி, மாத்திரை, கட்டு எல்லாம் அவள் பொறுப்பு. பணிநேரம் மாறும்போது நோயாளியின் கால்மாட்டில் நின்று, அவர் காதுபடவே அடுத்தவளிடம் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் குழறும் பேச்சும் குளிர்ந்த விரலும் உடனுக்குடன் கண்ணில் பட்டன. சாக வேண்டியவர்கள் நடந்து வீடு போனார்கள்.

இன்று உங்களுக்குப் பூங்கொத்து நீட்டிய கண்காணிப்பாளரின் அதே கை, காலையில் ஓர் உத்தரவிலும் கையெழுத்திட்டிருக்கிறது. உங்கள் இடத்துக்கு ஆள் கிடையாதாம். நாளை முதல் பழைய கூறுபோடல்தானாம். ஆள் பற்றாக்குறை என்று காரணம் வேறு! ஆளைக் குறைத்தது யார்? பக்கத்து வீட்டுக்காரரா?

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர் ஐயாவும் கேட்கட்டும். நாளைக் காலை நாங்கள் எங்கள் படுக்கைகளுக்கே போவோம். தடுக்க வேண்டுமானால், படுக்கை படுக்கையாக அவரே வந்து, “உங்களைப் பாத்துக்க இனிமே தனியா யாரும் இல்ல” என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

அம்மையே! நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழுங்கள். வீட்டிலும் அதே குரலில் அதட்டுங்கள். எப்போதாவது இங்கே வந்து படுக்க நேர்ந்தாலும் கலங்காதீர்கள். “இந்தப் படுக்கை யாரோடது?” என்று ஒரு சத்தம் போடுங்கள். “என்னோடது சிஸ்டர்” என்று எங்களில் ஒருத்தி ஓடி வருவாள்.

உங்களிடம் திட்டு வாங்கியே தேறிய
அறுவைச் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்