பெட்டி மூடுற இடத்து மியூசிக்

– அந்த அழுகை உங்கட இல்லை அன்ரி. அதைச் சொல்லத்தான் மன்னார் ரவுணிலயிருந்து இந்த வெயிலுக்குள்ள தாழ்வுபாட்டுக்கு வந்தனான்.

– முதல் கதிரையை இழுத்துப்போட்டு இரு நிலக்சன். நான் இந்தக் கருவாட்டைப் பிரட்டிக்கொண்டே கேக்கிறன், விட்டா காகம் கொண்டுபோயிடும். எந்த அழுகை?

– பத்திநாதன் அங்கிளின்ர செத்தவீட்டு வீடியோவில, பெட்டி மூடுற இடத்தில, மியூசிக்குக்குள்ள ஒரு பொம்பிளை விக்கி விக்கி அழுற சத்தம் வருமெல்லே?

– ஓம். வரும்.

– அது நீங்கள் அழுததில்லை.

– புருசனைப் பறிகுடுத்தவளிட்ட வந்து சொல்லுற கதையே இது? என்ர தொண்டை எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனி?

– அப்ப… உங்களுக்கு முதலே தெரியுமே?

– நீ கொண்டுவந்து தந்து, ரீவியில போட்டுக் காட்டின அண்டைக்கே தெரியும். நான் பெட்டியைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கிறன். உன்ர காமராவும் என்னிலதான் நிக்குது. திடீரெண்டு அழுகை கேக்குது. பின்னால நிண்ட ஆரோ எண்டுதான் முதல் நினைச்சன்.

– பேந்து ஏன் அன்ரி என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை?

– அதை விடு. ஆர் அந்தப் பொம்பிளை? பக்கத்து ஊர் பேசாலை ஆளே?

– இல்லை. கொரியாக்காரி.

– மடு மாதாவே! கொரியாக்காரி எங்கயடா என்ர வீட்டுச் சாவுக்கு வந்தவள்?

– படத்தில அன்ரி, படத்தில. விசயம் என்னெண்டா, எந்தப் படத்தையும் எடுங்கோ, கடைசிக் காட்சியில ஆக்கள் பெருசாக் கதைக்க மாட்டினம். மியூசிக்தான் கதைக்கும். முதல் ஒரு பியானோ, ஒவ்வொரு கட்டையாத் தட்டும். பேந்து ஒரு வயலின் மெல்ல வரும். பேந்து பாத்தா ஒரு மண்டபம் கொள்ளாத வயலின் எல்லாம் ஒண்டாச் சேந்து ஏறும், கீழால பெரிய மேளம் முழங்கும். படம் முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவனும் அந்த இடத்தில மூக்கை உறிஞ்சுவான். அந்தக் கொரியாப் படத்தின்ர கதை எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஒரு சொல்லும் விளங்கேல்லை. கடைசியில குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதனான்.

– அதுக்கு?

– அந்த மியூசிக்கைத் தனியாத் தேடினன், கிடைக்கேல்லை. படத்திலயிருந்து அப்பிடியே வெட்டி எடுத்திட்டன். வயலின் உச்சத்துக்கு ஏறுற இடத்தில அந்தப் பொம்பிளை அழுவா. அதை வெட்டப் பாத்தா மியூசிக்கும் சேந்து முறியுது. சரி, கிடக்கட்டும் எண்டு விட்டன். பெட்டி மூடுற இடத்தில அச்சொட்டாப் போய் விழுந்திச்சு.

– அழுகைக்குப் பாஷை இல்லையெண்டு பாத்தாயாக்கும்.

– பகிடி பண்ணாதேங்கோ அன்ரி. எனக்கு வெக்கத்தில சோறு இறங்குதில்லை. நான் செய்த செத்தவீடு எல்லாத்துக்கும் அதைத்தான் போட்டிருக்கிறன். மார்த்தா அக்காவின்ர புருசன்ர வீடியோவுக்கும் அதே துண்டுதான், அதே அழுகைதான்.

– மார்த்தா அண்டைக்கு ஆஸ்பத்திரியில எல்லே கிடந்தவள்! செத்தவீட்டுக்கே வரேல்லையே!

– அதிலதான் பிடிபட்டனான். அவவின்ர மோன் றெனால்ட் அண்ணா லண்டனில இருந்து நேற்று போன் எடுத்தவர். ‘ஆஸ்பத்திரியில கிடந்த என்ர அம்மா எப்பிடியடா பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு அழுதவ’ எண்டு கேட்டார். பேந்து உங்கட வீடியோவையும் போட்டுப் பாத்திருக்கிறார். ரெண்டிலயும் ஒரே தொண்டை. ரெண்டையும் ஒண்டாச் சேத்து இண்டைக்குப் பின்னேரம் தாழ்வுபாட்டு வட்ஸ்அப் குறூப்பில போடப்போறாராம். ‘எங்கட ஊர் விதவையள் எல்லாரும் கொரஸா அழுகினம்’ எண்டு எழுதிப் போடப்போறாராம்.

– குறூப்பிலயோ?

– ஓம். என்னை நாறடிக்கத்தான். ஆனா உங்கட பேரும் சேந்தெல்லே நாறும், அதுதான் ஓடி வந்தனான்… அன்ரி? என்ன, கருவாட்டை அப்பிடியே விட்டிட்டு நிலத்தில இருந்திட்டியள்?

– அந்தக் குறூப்பில என்ர பிள்ளை இருக்கிறாள் தம்பி. சுவேதினி இருக்கிறாள்.

– ஃபிரான்ஸ் அக்காவோ? அவ உங்களோட கதைக்கிறேல்லை எண்டெல்லே ஊரில சொல்லுறவை?

– கதைக்காமல்தான் இருந்தவள். கலியாணம் முடிச்சுப் போய், பிள்ளையும் பிறந்து, அது இப்ப பள்ளிக்கூடமும் போகுது. ஒரு போன் இல்லை. தகப்பன் செத்ததுக்கும் வரேல்லை, எடுக்கவும் இல்லை. வீடியோ குறூப்பால போய்ச் சேந்த ரெண்டாம் நாள் போன் அடிக்குது. ‘அம்மா, வீடியோ பாத்தனான்’ எண்டாள். அவ்வளவுதான். பேந்து அழத் துவங்கினாள். நானும் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டு என்னத்துக்கு? அந்தக் கொரியாக்காரி அழுத அழுகைதான் என்ர பிள்ளையைத் திருப்பித் தந்ததெண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டுது.

– அதாலதான் வாயே திறக்கேல்லையே நீங்கள்.

– பின்ன? ஊரும் அப்பிடித்தானே இருந்தது. அயல்வீட்டு நிறஞ்சலா செத்தவீட்டில எனக்குப் பக்கத்தில, தோளோட தோள் உரச நிண்டவள். என்ர காய்ஞ்ச முகத்தைத் தன்ர கண்ணால பாத்தவள். பாத்துப்போட்டுக் கிணத்தடியில ‘மெற்றில்டாவின்ர கண்ணில ஒரு சொட்டு வரேல்லை, கல்லு நெஞ்சுக்காரி’ எண்டு சொன்னவள். அவளே உன்ர வீடியோவைப் பாத்திட்டு வந்து என்ர கையைப் பிடிச்சு, ‘அக்கா, என்னமா அழுதனீங்கள், எனக்கே தாங்கேலாமப் போச்சு’ எண்டாள். நான் என்ன செய்ய? ஓமெண்டன். வெக்கங்கெட்டு ஓமெண்டன்.

– இப்ப ஒரு வழிதான் அன்ரி. றெனால்ட் அண்ணா போட முதல் நீங்களே சுவேதினி அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. பிழை என்ர எண்டு நானும் சொல்லுறன்.

– என்னெண்டு சொல்லுறது? ‘உன்ர அப்பாவுக்கு நான் அழேல்லை, ஒரு கொரியாக்காரிதான் அழுதவள்’ எண்டோ? அவள் எடுக்கிற நேரமெல்லாம் நான் மூக்கைச் சிந்திச் சிந்தி, ‘அப்பா இல்லாத வீடு இருட்டாக் கிடக்கு பிள்ளை’ எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்.

– அக்கா என்ன சொல்லுவா?

– ஒண்டும் சொல்ல மாட்டாள். கொஞ்சத்தால, வேலைக்குப் போகவேணும் எண்டு வைச்சிடுவாள். தகப்பன்ர பேர் கேட்டா அவளுக்கும் தாங்கேலாது போல. இப்பவெல்லாம் முந்தின மாதிரி நீட்டிக் கதைக்கிறதில்லை. அதுதான் நானும் கொஞ்சம் கூட்டி அழுறன்.

– அன்ரி, நான் கேக்கிறனெண்டு கோவிக்காதேங்கோ. அக்கா ஏன் கதைக்காமல் விட்டவ? உங்கட கை முறிஞ்ச கதையாலயோ?

– கிணத்தடியில வழுக்கினது தம்பி அது.

– இல்லை, அவ கோயில் ஃபாதரிட்டப் போய் அங்கிளைப் பற்றிச் சொன்னவவாம், ஃபாதர் வீட்டை வந்து கேக்க நீங்கள்…

– வழுக்கினது. கோயில்ல பாட்டுக் குழுவை நடத்தின மனுசன். ஊருக்கு ஒரு கெட்ட சொல் சொல்லாத மனுசன். வழுக்கினது எண்டுதான் ஃபாதருக்கும் சொன்னனான்.

– ஓம் அன்ரி.

– நிலக்சன், உன்னட்ட அந்த ஒலி வாங்கிற மெசின் இருக்கே?

– மைக்கோ? பையுக்குள்ள கிடக்கு. ஏன்?

– எடு. நான் இப்ப அழுறன். அதைப் பிடிச்சு, கொரியாக்காரியைத் தூக்கிப்போட்டு என்னைப் போடு. றெனால்ட் என்னத்தையும் போடட்டும். ‘மெசின் மாறி வேற சத்தம் விழுந்திட்டுது, இதுதான் உண்மையான அழுகை’ எண்டு சுவேதினிக்கு அனுப்பு.

– அன்ரி! சத்தியமா அது சரியில்லை!

– நீ சரியைப் பற்றிக் கதைக்க வேண்டாம். கொரியாவில அழுதவளை என்ர புருசன்ர பெட்டிக்குப் பக்கத்தில கொண்டுவந்து நிப்பாட்டினவன் நீ. எடு மெசினை. பிள்ளை திரும்ப என்னை விட்டிட்டுப் போனா எனக்கு ஆர் இருக்கினம்?

– சரி, சரி. இந்தாங்கோ, இதைச் சட்டையில குத்துங்கோ. ம்… அழுங்கோ.

– என்ர ராசா… என்னை விட்டிட்டுப் போனியளே… எப்பிடிக் கிடக்கு?

– நாடகம் மாதிரிக் கிடக்கு அன்ரி.

– ஐயோ, என்ர தெய்வமே, நான் என்ன செய்வன்…

– இதைக் கேட்டா றெனால்ட் அண்ணாவே சிரிப்பார்.

– அப்ப உன்ர அந்த மியூசிக்கைப் போடு. கல்லையும் அழவைக்குமெண்டாய். போடு பாப்பம்.

– போடுறன். இந்த இயர்போனைக் காதில வையுங்கோ, இல்லாட்டி மைக்கில அதுவும் சேந்து விழும். கண்ணை மூடிக்கொண்டு அங்கிளை நினையுங்கோ.

– வைச்சிட்டன். பியானோ தட்டுது.

– வயலின் ஏறுதோ அன்ரி?

– ஏறுது. பொல்லாத சாமான் தம்பி இது. நெஞ்சைப் போட்டுப் பிசையுது.

– கண்ணால ஓடுது அன்ரி! நல்லா ஓடுது! சத்தமா அழுங்கோ, சத்தமா!… அன்ரி, இஞ்ச ஒண்டும் பதியேல்லை. சத்தம் வரேல்லை.

– வராது.

– வாயில இருந்து சீலைத் தலைப்பை எடுங்கோவன், அப்பத்தானே வரும்.

– கை தன்ர பாட்டில வாயைப் பொத்தப் போகுது தம்பி. மியூசிக்கை நிப்பாட்டு. காணும், நிப்பாட்டு. இது அவருக்கு வந்த கண்ணீர் இல்லை. எனக்கு வந்தது. நான் பட்ட பாட்டுக்கு வந்தது. செத்த மனுசனுக்கு அழ எனக்கு ஏலுதில்லை. அடிச்ச கை பெட்டிக்குள்ள செபமாலையோட கிடந்திச்சு. அதையே பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு நிம்மதியாக் கிடந்தது தம்பி, அதை நினைச்சாத்தான் வெக்கத்தில செத்திடலாம் போலக் கிடக்கு. புருசன்ர பெட்டியை மூடேக்க நிம்மதிப்பட்ட பெண்சாதி.

– அன்ரி… அழாதேங்கோ. ஊர்க்கதை உண்மையெண்டு எனக்குத் தெரியாது. உங்கட போன் அடிக்குது.

– அவள்தான். றெனால்ட் போட்டிட்டான். எடுக்க மாட்டன்.

– எடுத்து ஸ்பீக்கரில போடுங்கோ. நான் சொல்லுறன்.

– பிள்ளை? சுவேதினி?

– அம்மா, ஆர் பக்கத்தில நிக்கினம்?

– வீடியோக்காரத் தம்பி, நிலக்சன். பிள்ளை, அது வந்து… அவன்ர மெசினில ஒரு கோளாறு. நான் அண்டைக்கு அழுதனான்தான், நல்லா அழுதனான், அது பதியாமப் போச்சு, அதாலதான் அவன்…

– அக்கா, பிழை என்ர. அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. மியூசிக்கோட வந்த சத்தம் அது.

– தம்பி, நீங்கள் கொஞ்சம் பேசாம இருங்கோ. அம்மா, றெனால்ட் அண்ணா போட்டதை இப்பதான் பாத்தனான். எனக்கு அது புதினமில்லை.

– என்ன பிள்ளை சொல்லுறாய்?

– உங்கட அழுகைக்கு எண்டைக்கம்மா சத்தம் இருந்தது? ஒரு பலகைச் சுவருக்கு அங்கால படுத்துக் கிடந்த எனக்குத் தெரியாதே?

– அப்ப… அழுதது நான் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டே எனக்கு எடுத்தனி?

– அந்த மியூசிக்கை நிப்பாட்டிப்போட்டு, உங்கட முகத்தை மட்டும் பெருசாக்கித் திரும்பத் திரும்பப் பாத்தனான். அந்த ஆளுக்கு நீங்கள் அழேல்லை அம்மா. அதுக்குத்தான் எடுத்தனான்.