பட்டியலில் விடுபட்ட ஏழாவது இடம்

என் பெயரும் தந்தை பெயரும் முதல் பக்கத்தில் உள்ளபடி. வயது 23. ஏரிக்கரை பம்ப் ஹவுஸ் பின்தெருவில், மாடிப்படிக்குக் கீழ் உள்ள வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். அப்பா மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பட்டம் பெற்றவள் நான் மட்டும். எட்டு மாதமாகப் படகு இல்ல அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். வேலை வாங்கித் தந்தவர் அங்குள்ள தலைமை எழுத்தர். அவரை அக்கா என்று அழைப்பேன்.

சென்ற மார்ச் மாதம், ஏரியில் யார் யார் எங்கே மூழ்கினார்கள் என்று கரையில் குடியிருப்பவர்களைக் கேட்டு எழுதிவர அலுவலகத்தில் சொன்னார்கள். படகோட்டிகளுக்கு எச்சரிக்கைப் பட்டியல் தருவதற்காக. கரையில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "உள்ள வாம்மா, வெயில்ல நின்னு கருகிப் போனா உங்கம்மா என்னைத்தான் திட்டுவா" என்றார். கிழக்குக் கரையில் செங்கல்லுக்கு மண் எடுத்த பழைய பள்ளம் தண்ணீருக்கடியில் இருப்பதையும், தன் தம்பி அதில் மூழ்கிப் போனதையும் சொன்னார். "ஒரு அடி வச்சா முட்டியளவு தண்ணி. அடுத்த அடிக்குத் தரையே இல்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல, எழுதிக்கோ" என்றார். சொல்லி முடிக்கும்வரை மீனின் செதில் உரசுவதை நிறுத்தவில்லை.

அதன் பின் அந்தப் பள்ளத்தையும் சேர்த்து ஏழு இடங்களை எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அவர் தட்டச்சு செய்துவந்து, தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்திடச் சொன்னார். அவர் எதிரில் வரிவரியாகப் படித்தால் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்று கூச்சப்பட்டு, படிக்காமலே போட்டேன். அதில் ஆறு இடங்களே இருந்தன. கிழக்குக் கரையில் குளிக்கும் துறை திறக்க இருந்ததால் அந்தப் பள்ளத்தை அக்கா நீக்கியிருந்ததை, விபத்துக்குப் பிறகு கோப்பைப் பார்த்தே அறிந்தேன்.

சென்ற ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, வெளியூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த படகோட்டி அந்தப் பட்டியலை நம்பிக் கிழக்குக் கரையில் பயணிகளை இறக்கினார். கல்லூரி மாணவர் ஒருவர் பள்ளத்தில் மூழ்கி இறந்தார். அதன் பின் படகோட்டி காவலில் வைக்கப்பட்டார். நான் கோப்புடன் அக்காவிடம் போய், "ஏழாவது எங்கக்கா?" என்று கேட்டேன்.

"எந்த ஏழாவது? கையெழுத்து யாருதுடி? படிச்ச பொண்ணுதானே நீ?" என்றார். குரலை உயர்த்தவில்லை. மேசை மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மீன் விற்கும் அம்மா என்னைத் தெருவில் நிறுத்தி, "எல்லாரையும் எழுதிட்டு என் தம்பிய மட்டும் ஏம்மா விட்டுட்ட?" என்று கேட்டார். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் வந்தேன்.

படகோட்டி மேல் தவறில்லை. ஏழு இடங்களும் உள்ள என் குறிப்பேட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். இதைச் சொன்னால் என் மேலும் வழக்கு வரலாம் என்று ஆய்வாளர் எடுத்துக் கூறினார். அது தெரிந்தே, யாரும் தூண்டாமல், நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன்.

(கையெழுத்து)