அன்னப்பிள்ளை தண்ணி

முதிரைமோட்டைக் குளத்துக்குச் சீமெந்துக் கட்டு வராத காலமாம். ஊரிலை ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்துச்சாலை. இந்த மூண்டையும் விட ஊருக்கு வேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாவாம். அவதான் அன்னப்பிள்ளை, மருத்துவிச்சி. எங்கட பூட்டனின்ர தமக்கை. தனக்கெண்டு பிள்ளை குட்டி இல்லை. ஆனால் ஊரிலை நடந்து திரிஞ்ச அரைவாசிச் சனத்தின்ர தொப்புள்கொடியை வெட்டினது அவவின்ர கைதானாம். அதாலை ஊரிலை ஒருத்தரும் அவவுக்குப் பெரிய ஆள் இல்லையாம்.

அப்பதான் கரையோரத்திலை சண்டை மூண்டுது. சனம் உழவு மெசினிலையும் நடையிலையும் வந்து எங்கட பள்ளிக்கூடத்திலை இறங்கிச்சுது. முதல் கிழமை ஊர் நல்ல ஊராம். சோத்துப் பார்சல் போச்சுதாம், பாய் போச்சுதாம். பிறகு அந்தச் சனத்துக்குக் காய்ச்சல் வந்துது. வந்தவுடனை ஊர் மாறிப்போச்சுதாம்.

ஊருக்குப் பொறுப்பான செல்லத்துரை விதானையார் பார்க்கப் போனார். எங்கை நிண்டு பார்த்தார்? பள்ளிக்கூடப் படலைக்கு வெளியாலை நிண்டு பார்த்தார். மூக்கிலை லேஞ்சி. அந்தத் துணிக்குள்ளாலை, குடத்துக்குள்ளை இருந்து வாற மாதிரி அவருக்கு ஒரு குரல்.

"ம்ம்... உது அம்மாள் வருத்தம்தான். கட்டுங்கோ வேப்பிலையை. இல்லை, கொண்டாங்கோ, நானே கட்டுறன்."

எங்கட ஊர் முறை இதுதான். அம்மாள் வந்து உடம்பிலை கொப்புளம் போட்ட வீட்டுப் படலையிலை வேப்பிலை கட்டுவினம். கட்டினால் வெளியாள் உள்ளை போகக்கூடாது, உள்ளாள் வெளியிலை வரக்கூடாது. மருந்து ஒரு சொட்டும் குடுக்கக்கூடாது. அம்மாள் தானே வந்தவ, தானே போவா. கட்டினவர் எவரோ அவர்தான் அவிழ்க்கவேணும். வேற ஆள் கை வைச்சால் அம்மாள் அந்த ஆளிலை ஏறிப்போடுவாவாம்.

அன்னப்பிள்ளை அந்த வேப்பிலைக்குக் கீழாலை குனிஞ்சு உள்ளை போனாவாம். ஏனெண்டால் உள்ளை தவமலர் எண்டு ஒரு பெட்டை, நிறைமாதம். போய்ப் பார்த்தால் பெட்டை நடுங்கின நடுக்கத்திலை படுத்திருந்த பள்ளிக்கூட வாங்கு ஆடுது. உடம்பைத் தடவிப் பார்த்தா. ஒரு கொப்புளம் இல்லை.

நேரை விதானையார் வீட்டுக்கு நடந்தா. மருந்து குடுக்கிற அப்போதிக்கரி ஐயா சண்டைக்குப் பயந்து ஓடேக்கை மருந்துச்சாலைப் பூட்டின்ர திறப்பை விதானையாரிட்டைத்தான் குடுத்திட்டுப் போனவராம்.

"டேய் செல்லன், திறப்பைத் தா. அது குலைப்பன் காய்ச்சல், மலேரியா. ரெண்டு கிழவர் செத்தும் போச்சினம். குளிசை குடுக்காட்டி அந்தப் பெட்டை தாயும் பிள்ளையுமாய்ப் போயிடும்."

"ஆச்சி, அம்மாளுக்கு மருந்து குடுக்கிறதோ? ஊர் அழிஞ்சுபோம்."

"அம்மாள் எங்கையடா இருக்கிறா? நீ உள்ளை போய்ப் பார்த்தனியோ?"

"பார்க்கத் தேவையில்லை, வேப்பிலை கட்டியாச்சு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "எணை ஆச்சி, இருக்கிற குளிசை எங்கட சனத்துக்கே காணாது. உதுகள் இண்டைக்கு இருந்து நாளைக்குப் போற சனம்."

அன்னப்பிள்ளை வெத்திலையைத் துப்பிப்போட்டுத் திரும்பி வந்தாவாம்.

விடியப் பார்த்தால் விதானையார் வீட்டுப் படலையிலை வேப்பிலை! சின்னக் கொப்பில்லை, கலியாண வீட்டுத் தோரணம் மாதிரி.

பால்கார முத்தையர் வந்தார். செம்பை நீட்டினார், நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ தாயே!" செம்பும் பாலும் ரோட்டிலை, ஆள் ஓடி ஒழுங்கைச் சந்துக்குள்ளை. மீன்காரச் சூசை சைக்கிளை நிப்பாட்டினான். அவன் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், அவனுக்கென்ன அம்மாள்? "எதுக்கும் நாளைக்கு வாறன் ஐயா" எண்டிட்டு, தலைதெறிக்க மிதிச்சானாம்.

விதானையார் வேலிக்கு உள்ளை நிண்டு துள்ளுறார். "எவன்ரா கட்டினவன்? எனக்கு ஒரு வருத்தமும் இல்லை!" பிடுங்கக் கையை நீட்ட, மனிசி அரியமலர் காலைக் கட்டிப் பிடிச்சாவாம். "ஐயோ வேண்டாம், உங்களிலை ஏறிப்போடுவா! ஏறினால் நான் என்ன செய்வன்!"

மத்தியானம் பசி. அடுத்த நாளும் பசி. அன்னப்பிள்ளை ஆறுதலாய் வந்து படலையடியிலை குந்தினாவாம்.

"என்ன செல்லன், உடம்பிலை கொப்புளம் கிடக்கோ?"

"இல்லை ஆச்சி! ஒண்டும் இல்லை! வந்து பாருங்கோ!"

"பார்க்கத் தேவையில்லையடா. வேப்பிலை கட்டியாச்சு."

அன்னப்பிள்ளை வெத்திலையை மடிச்சு வாயிலை போட்டாவாம்.

"பள்ளிக்கூடத்திலை அம்மாள் இல்லையெண்டு ஊருக்குக் கேக்கக் கத்து. திறப்பை எறி. நான் கட்டினதை நான் அவிழ்க்கிறன். நீ கட்டினதை நீ போய் அவிழ்."

கத்தினார். திறப்பும் வேலிக்கு மேலாலை வந்து விழுந்துது. குளிசை போச்சுது, காய்ச்சல் இறங்கிச்சுது. தவமலருக்குப் பெட்டைப்பிள்ளை, தாயும் சேயும் சுகம். ஊர் வயிறு வலிக்கச் சிரிச்சுதாம். விதானையார் மட்டும் சிரிக்கேல்லை. அன்னப்பிள்ளையின்ர கையிலை இருந்து திறப்பை வாங்கி மடியிலை முடிஞ்சுகொண்டார்.

பிறகு லொறி வந்து அந்தச் சனத்தை வேறை எங்கையோ ஏத்திக்கொண்டு போச்சுது.

மாரி பிறந்துது. அன்னப்பிள்ளைக்கு நடுக்கம் பிடிச்சுது. அதே நடுக்கம், அதே காய்ச்சல். எங்கட பூட்டன் அப்ப கொழும்பிலை வேலை, சண்டையாலை பாதை பூட்டு, வர ஏலாது. விதானையார் தானே நடந்து வந்தாராம், கையிலை பச்சை வேப்பிலை.

"ஆச்சி, உங்களுக்கு அம்மாள் வந்திட்டா."

கட்டினார். கட்டிப்போட்டு, கூட்டமெண்டு சொல்லி டவுனுக்குப் போயிட்டார். மடியிலை திறப்பு.

அன்னப்பிள்ளை பாயிலை கிடந்து ஒழுங்கையாலை போறவையைக் கூப்பிட்டாவாம். எல்லாரும் அவ கையிலை விழுந்த பிள்ளையள்தான்.

"முத்தையா... குளிசை ஒண்டு எடுத்துத் தாவன்ரா."

"திறப்பு விதானையாரிட்டை எணை. அவர் வரட்டும்."

"பூட்டை உடையன்ரா."

"நல்ல கதை."

"அப்ப வாய்க்குக் கொஞ்சம் தண்ணியாவது தாவன்."

"கட்டிக் கிடக்கு ஆச்சி. கட்டினவர் வந்து அவிழ்க்கட்டும்."

அந்தக் கிழவி அதைக் கேட்டுச் சிரிச்சாவாம். "நல்லாப் படிச்சிருக்கிறியள். நானும்தானே படிப்பிச்சனான்" எண்டாவாம். அதுக்குப் பிறகு ஒருத்தரையும் கூப்பிடேல்லையாம்.

விதானையார் வந்து அவிழ்க்கேக்கை மூச்சில்லை. குளிப்பாட்ட இறங்கின பெண்டுகள் உடம்பைப் பார்த்திச்சினம். முதுகைத் திருப்பிப் பார்த்திச்சினம். ஒரு கொப்புளம் இல்லை. சீலையை இழுத்து மூடிச்சினம். படலையடியிலை நிண்ட விதானையார்தான் தொண்டையைச் செருமிச் சொன்னாராம்:

"அம்மாள் உள்ளுக்கை போட்டிருப்பா."

முதிரைமோட்டையிலை இண்டைக்கும் ஒரு முறை இருக்கு. வேப்பிலை கட்டப் போறவர் முதல் உள்ளை போகவேணும். வருத்தக்காரரின்ர உடம்பைப் பார்க்கவேணும், தன்ர கையாலை ஒரு வாய் தண்ணி பருக்கவேணும். பிறகுதான் கட்டு. அந்தத் தண்ணிக்கு அன்னப்பிள்ளை தண்ணி எண்டு பேர். மருந்துச்சாலை முகப்பிலை பெரிய எழுத்திலை கிடக்கிறது செல்லத்துரை விதானையாரின்ர பேர். அவவின்ர பேருக்கு ஊர் விட்ட இடம் அந்த ஒரு வாய் தண்ணிதான்.

போன பங்குனியிலை எங்கட ஒழுங்கையிலை ஒரு வீட்டுக்குக் கட்டினவை. கட்ட வந்தவர் விதானையாரின்ர பேரன். செம்பிலை தண்ணி கொண்டுதான் வந்தவர். வாசல்படியிலை வைச்சார், "அன்னப்பிள்ளை தண்ணி வைச்சிருக்கு" எண்டு உள்ளுக்குக் கத்தினார், வேப்பிலையைக் கட்டினார், போயிட்டார்.

மூக்கிலை லேஞ்சி.